நடக்கக் கூடாத பூட்ஸ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆம்பூர் என்றால் எல்லோரும் பிரியாணி என்பார்கள். காலில் போட்டிருப்பது எங்கள் ஊரில் தைத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பிரியாணியைத்தான் கேட்பார்கள்.

போன வருடம் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. பனிச்சறுக்கு பூட்ஸ். மலை மேலிருந்து விழுகிற மாதிரி இறங்குவார்களே, அது இல்லை. இது சமதரையில் போவது. இரண்டு காலிலும் நீளமான பலகை. ஒரு காலைப் பக்கவாட்டில் தள்ளி, மறுகாலில் வழுக்கி, பிறகு அந்தக் காலைத் தள்ளி, இப்படியே கிலோமீட்டர் கணக்கில் போவார்கள். எங்கும் போய்ச் சேருவதற்கு இல்லை. சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வருவார்கள்.

எங்கள் லைனில் இருபத்திரண்டு பேர். பதினெட்டுப் பேர் பெண்கள். ஒருவரும் பனியைப் பார்த்ததில்லை. பார்க்காமலே தைத்தோம். முதல் லாட் பாஸ். இரண்டாவது லாட் ஃபெயில். கணுக்கால் நிற்கவில்லை, பக்கவாட்டில் மடங்குகிறது என்று மெயில் வந்தது. கூடவே இன்னொரு வரி. காரணம் தெரியும்வரை மூன்றாவது லாட் வேண்டாம், தெரியாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும். ஆர்டர் போனால் லைன் மூடும். மற்ற லைன்களில் இடமில்லை. இருபத்திரண்டு பேரும் வீட்டுக்கு.

அந்த ஜெர்மன் கம்பெனியின் முதலாளியம்மா, ஆபீசர் யாரும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். கணுக்கால் தகட்டைத் தன் கையால் பொருத்துகிற ஆளை அனுப்புங்கள் என்றார். அது நான். மானேஜர் அஸ்லம் பாய்க்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அவர் கோட்டுக்கு அளவு கொடுத்து வைத்திருந்தார்.

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"சேகர், அங்க போயி வாயத் தொறக்காதே. இன்னா கேட்டாலும் சொல்யூஷன் சரியில்லன்னு சொல்லிடு. சொல்யூஷன் அவுங்க அனுப்புனது."

சொல்யூஷன் என்றால் பசை. எங்கள் தொழிலில் எந்தத் தப்பு நடந்தாலும் முதலில் பசையைத்தான் பிடிப்பார்கள். அது திருப்பிப் பேசாது. வாயைத் திறக்கவும் கூடாது, சொல்யூஷன் என்று சொல்லவும் வேண்டும். சரி பாய் என்றேன்.

விமானத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன். இறக்கிவிட்டார்கள். மியூனிக்கிலிருந்து ரயில்.

ரயிலில் எதிரே ஒரு பெரியவர். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். என்னவோ சொன்னார். எனக்கு ஏறவில்லை. பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். கை முறுக்கு மாதிரி பின்னியது, உள்ளங்கை அளவு, மேலே கல்லுப்பு. அதை என் முகத்துக்கு நேரே பிடித்து இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை என் பக்கம் ஆட்டினார். ஊருக்குப் புதுசு, பசியோடு வந்திருக்கிறான் என்று கொடுக்கிறார் என நினைத்து வாங்கித் தின்றேன். அவர் என்னையே பார்த்தார். மறுபாதியை ஆட்டி, சத்தமாக இன்னும் என்னவோ சொன்னார். அதையும் வாங்கித் தின்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஸ்டேஷனில் ரயிலை நடுவில் கழற்றினார்கள். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. நம் ஊரிலும் கழற்றுவார்கள். சுத்தியலால் தட்டி, கத்தி, இறங்கி டீ குடித்து, அரைமணி நேரம் ஊருக்கே தெரியும்படி கழற்றுவார்கள். இங்கே ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். நான் தப்பான பாதியில் இருந்தேன். பெரியவர் ரொட்டியில் காட்டியது ரயிலை. இரண்டு பாதியையும் நான் சாப்பிட்டுவிட்டேன்.

திரும்பி வந்து சேர இரண்டு மணி நேரம் தாமதம். ஸ்டேஷனில் ஒரு அம்மா நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். வலது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றார்.

"சேகர் அண்ணையோ? நான் சாந்தினி. மொழிபெயர்க்கச் சொல்லி கொம்பனியில அனுப்பினவை. ரெண்டு மணித்தியாலமா நிக்கிறன், கால் உளையுது."

"கால்ல இன்னா ஆச்சு மேடம்?"

"உங்கட சப்பாத்து."

"எங்க ஷூவா?"

"ஓம். புது சப்பாத்து வந்தா போட்டுப் பாக்கச் சொல்லி என்னட்டத்தான் தருவினம். உங்கட ரெண்டாவது லொட்டைப் போட்டுக்கொண்டு பனியில இறங்கினன். ஒரு வளைவு. கணுக்கால் மடங்கிப் போச்சு. ரெண்டு கிழமை வீட்டில படுத்துக் கிடந்தன். அதுக்குள்ள மேடமாம் மேடம்."

இரண்டு வாரம் படுத்திருந்தவர். அக்கா என்றேன்.

"அது காணும். பெட்டியைத் தாங்கோ."

காணும் என்றால் போதும். பெட்டியை நான் கொடுக்கவில்லை. நொண்டுகிறவரிடம் பெட்டியைக் கொடுப்பதா.

யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்தவர். அந்தக் கம்பெனியில் ரிப்பேர் பகுதியில் இருக்கிறார். பனிக்காலம் வந்தால் சனிக்கிழமை தவறாமல் சறுக்கப் போவாராம். யாழ்ப்பாணத்தில் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "சைக்கிள்ள" என்றார்.

தங்கின வீட்டில் ஒரு கிழவி. வாசலிலேயே என் ஷூவைக் கழற்றச் சொல்லி ஒரு கம்பளிச் செருப்பைத் தந்தார். பிறகு என் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் தட்டினார். நான் தைத்தது. ஏற்றுமதியில் கழிந்தது, கறுப்பில் ஒரு சின்னக் கீறல். அந்தக் கீறலை அவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துக் காட்டினார். இந்த நாட்டுக்கு எதற்கு ஷூ விற்கிறோம் என்று தோன்றியது.

சாயங்காலச் சாப்பாடு ரொட்டி. சூடு கிடையாது. அடுப்பு இருந்தது, பளபளவென்று இருந்தது, பற்ற வைக்கவில்லை. கறுத்த ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறின வெள்ளரிக்காய். எல்லாவற்றையும் மரப்பலகை மேல் வரிசையாக அடுக்கி மெழுகுவத்தி ஏற்றினார். அந்த ஒன்றுதான் சூடாக இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு டெர்மீன் என்றார் சாந்தினி அக்கா. டெர்மீன் என்றால் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். நான் ஏழே முக்காலுக்குப் போனேன். சீக்கிரம் வந்தாலும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எட்டு வரை வெளியே நின்றேன்.

உள்ளே ஒரு மேஜை. எங்கள் பூட்சை நடுவில் அறுத்து மல்லாத்தி வைத்திருந்தார்கள். கறிக்கடை மாதிரி இருந்தது. பக்கத்தில் டிசைன் செய்தவர் நின்றார். பெயர் மத்தியாஸ். ஆறரை அடி உயரம். ஒரு கேரட்டைப் பச்சையாகக் கடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியாக, வெள்ளைத் தலைமுடியோடு முதலாளியம்மா. எழுபது வயது இருக்கும். கை கொடுத்தார். கையை விடாமல் என் விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலில் பசை காய்ந்த தழும்பு. தலையை ஆட்டிவிட்டுக் கையை விட்டார்.

மத்தியாஸ் விளக்கினார். சாந்தினி அக்கா சொன்னார்.

"இந்த சப்பாத்து சொல்லுறது ரெண்டே ரெண்டு கதை அண்ணை. முன்னுக்கும் பின்னுக்கும் ஆடவேணும். பக்கத்துக்கு ஆடக் கூடாது. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இவர் காசு வாங்குறதுக்குச் சொல்லுறது."

பூட்சின் அடி கரி நாரில், கார்பன் ஃபைபர் என்பார்களே, அதில் செய்தது. வளையவே வளையாது. அதை அவர்களே அனுப்புகிறார்கள். விரலுக்கு அடியில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. பென்சில் கனம்கூட இல்லை. பலகையின் மேல் ஒரு பிடி இருக்கிறது, பிண்டுங் என்கிறார்கள். அது இந்தக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். குதிகாலுக்குப் பிடி கிடையாது, தூக்கலாம். தூக்கினால் பலகை தொங்காமல் இருக்க, கம்பிக்கு முன்னால் ஒரு ரப்பர் கட்டை. அது பலகையைப் பாதத்தோடு திரும்ப ஒட்டவைக்கும். நூறு கிலோ ஆள், ஒரு கம்பி, ஒரு ரப்பர். ஆளை நிமிர்த்தி வைப்பது கணுக்காலைச் சுற்றி நிற்கிற தகடு ஒன்றுதான். இரண்டு பக்கமும் ரிவெட் அடித்தது. அந்த ரிவெட்டில் முன்னால் பின்னால் ஆடும்.

அந்தத் தகடு பொருத்துவது நான்.

பூட்சை ஒரு மெஷினில் மாட்டினார் மத்தியாஸ். மெஷின் அதைப் பக்கவாட்டில் அழுத்தியது. முதல் லாட் நின்றது. இரண்டாவது லாட் மடங்கியது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் மடங்கியது. அவர் நான்கு தடவை செய்தார். ஒரு தடவைக்கே எனக்குப் புரிந்திருந்தது.

"என்ன நினைக்கிறியள் எண்டு கேக்கிறார்."

சொல்யூஷன் என்றேன். பாய் சொன்னது அதுதான்.

சாந்தினி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜெர்மனில் சொன்னார். மத்தியாசுக்கு ஒரே சந்தோஷம். ஆராய்ச்சி செய்ய ஒன்று கிடைத்துவிட்டது. பசையைப் பிரித்தார், இழுத்தார், சூடு காட்டினார், ஃப்ரிட்ஜில் வைத்தார், திரும்ப இழுத்தார். மத்தியானம் தாண்டிவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சாந்தினி அக்கா டப்பாவைத் திறந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பாதி கொடுத்தார். இந்தப் பாதி எனக்குத்தானா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன். ரயில் கதையைச் சொன்னேன். சம்பல் புரையேறச் சிரித்தார்.

மூன்று மணிக்கு மத்தியாஸ் வந்தார்.

"பசை திறமாம் அண்ணை. இப்பிடி ஒட்டினதைத் தான் கண்டதே இல்லையாம். உங்களுக்கு வாழ்த்தாம்."

முதலாளியம்மா ஒரு வரிதான் சொன்னார். "காரணம் தெரியாமல் ஒரு ஜோடிகூட வாங்கமாட்டேன். நாளை மறுநாள் முடிவு."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த சாம்பிள் ஆனாலும் பேக் பண்ணுமுன் ஒரு ஆள் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து திரும்பி வரவேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் நடக்காமல் ஒரு சாம்பிளும் பெட்டிக்குள் போனதில்லை. இந்த பூட்சின் அளவு ஸ்டிட்சிங் ரெஜினாவுக்குச் சரியாக இருந்தது. முதல் லாட்டைப் போட்டு கேட் வரைக்கும் போய் வந்தாள். கட்டைக்கால் வைத்த மாதிரி வந்தாள். கணுக்கால் எலும்பில் தோல் உரிந்திருந்தது.

"மாஸ்டர், இன்னா இது, கடிக்குது."

கடித்தால் ஓரத்தைச் சீவ வேண்டும். தோல் வேலைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். இரண்டாவது லாட்டில் தகட்டின் இரண்டு பக்க ஓரத்தையும் சக்கரத்தில் கொடுத்து மெலிதாக இழைத்தேன். பாதிக் கனம். விரல் வைத்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. ரெஜினா நடந்துவிட்டு வந்து, "இப்பதான் மாஸ்டர் ஷூ" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பாய்க்கும் தெரியாது. எனக்கு அது தப்பு என்று தோன்றவில்லை. நல்லது செய்ததாகத்தான் தோன்றியது. மெஷினில் மடங்கினதைப் பார்த்தபோதும், மெஷினுக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பனியைப் பார்க்கப் போனோம்.

பனி இல்லை. மலையடிவாரம் முழுக்கப் பச்சைப் புல். நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. வயலில் வேட்டி உலர்த்தினது போல நெளிந்து கிடந்தது. இப்போதெல்லாம் பனி ஒழுங்காக விழுவதில்லையாம். குளிர் காற்றில் மெஷினால் தண்ணீரைப் பீய்ச்சிப் பனி செய்கிறார்கள். லாரியில் கொண்டுவந்து கொட்டிச் சமப்படுத்துகிறார்கள். பிறகு அதன் மேல் போக டிக்கெட் வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு லாரி வரும். அதைச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள். அது அதைவிடக் கஷ்டம்.

பட்டை மேல் ஐம்பது அறுபது பேர் போய்க்கொண்டிருந்தார்கள். உடம்போடு ஒட்டின துணி. எல்லோர் முகத்திலும் வேதனை. பணம் கட்டி வந்து வேதனைப்பட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குளத்துப் பூச்சி தண்ணீர் மேல் போவது போல.

மத்தியாஸ் என்னிடம் இரண்டாவது லாட் பூட்சைக் கொடுத்தார்.

"போட்டுப் பாக்கட்டாம். நீங்கள் செய்தது, நீங்கள் அறியவேணுமாம்" என்றார் சாந்தினி அக்கா. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "எனக்கும் ஆசைதான்."

போட்டேன். கம்பியை பிண்டுங்கில் வைத்து அழுத்தினேன், கவ்வியது. எழுந்தேன். எழுந்ததும் விழுந்தேன். ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. மறுபடி எழுந்தேன். மத்தியாஸ் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வலது காலைப் பக்கவாட்டில் தள்ளு என்று காட்டினார். தள்ளினேன். உடம்பு முழுக்க அந்தக் காலின் உள் ஓரத்தில் இறங்கியது. அப்போது தகடு நிமிர்ந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. சரியாக நான் சீவின இடத்தில் மடங்கியது. அந்த இடம் என் விரலுக்குத் தெரியும். இப்போது கணுக்காலுக்கும் தெரிந்தது.

மூன்றாவது தடவை நானே உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியாஸ் சூப் வாங்கப் போனார். பாதையின் ஓரத்தில் மரத்தால் கட்டின ஒரு சூப் கடை. அதற்கும் எங்களுக்கும் நடுவே கார் நிறுத்துகிற இடம், தரையில் உறைந்த தண்ணீர். அவர் காலிலும் பூட்ஸ்தான். நான்கு அடி நடந்தார். கரி நார் அடி ஐசில் கிரீச் என்றது. ஆறரை அடி ஆள் கையை விரித்துக்கொண்டு முழங்கை ஊன்றி விழுந்தார். எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு, கார்களைப் பிடித்துக்கொண்டே போனார். பார்த்தால் அந்த இடம் முழுக்க அப்படித்தான். பனியில் பூச்சி மாதிரி பறந்தவர்கள் எல்லாம் சூப்புக்குப் போகும்போது குச்சி ஊன்றி வாத்து மாதிரி நடந்தார்கள். ஒருவரும் பூட்சை மாற்றவில்லை. சூப்புக்காக யார் மாற்றுவார்கள்.

நான் சாந்தினி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, சொல்யூஷன் இல்ல. நான்தான். தகட்டு ஓரத்தைச் சீவிட்டேன்."

"ஏன்?"

"நடந்தா கடிச்சுது."

அக்கா முதலில் தன் கால் கட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இதை முதல்ல நான் மொழிபெயர்க்கட்டோ? இல்லாட்டி முதல்ல ரெண்டு அடி போடட்டோ?"

"உங்க இஷ்டம்."

"இஷ்டமாம். ரெண்டு கிழமை அண்ணை. மருந்துக்குப் போக ஏலாமல், படியிறங்க ஏலாமல். நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? எனக்கு வயசு போட்டுது, இனி ஸ்கீ ஏலாது எண்டு நினைச்சனான். பலகையை விக்கப் போட்டனான்."

நான் பூட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா உங்கட ஆக்களுக்கு என்ன நடக்கும்? இவை எழுத்தில கேப்பினம். தொழிலாளி தன்ர பாட்டுக்கு மாத்தினவர் எண்டு எழுதினா, ஆரை நம்பி ஓடர் தாறது எண்டு கேப்பினம். ஓடர் போனாலும் போகும்."

அது எனக்கும் தெரியும். சொல்லாவிட்டால் காரணம் இல்லை, காரணம் இல்லாவிட்டால் லாட் இல்லை. சொன்னால் நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. இரண்டு பக்கமும் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் என் வேலை போவது போலத்தான் இருந்தது. அதனால் அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

"புதுத் தகடு ஒரு ஜோடி வேணும்னு கேளுங்க அக்கா. சீவாதது. நாளைக்கு அவங்க முன்னால மாட்டுறேன்."

மத்தியாஸ் மூன்று கிண்ணத்தோடு கார்களைப் பிடித்துப் பிடித்து வந்தார். கார்களைப் பிடிக்கக் கை வேண்டும், கிண்ணத்துக்கும் கை வேண்டும். பாதி சூப் வழியிலேயே போயிருந்தது. பருப்பு சூப். சாம்பாரிலிருந்து நல்லதையெல்லாம் எடுத்துவிட்டால் வருவது. சூடாக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள். எட்டு மணி, சரியாக எட்டு.

பூட்சைக் கால் வடிவக் கட்டையில் ஏற்றினேன். தகட்டை முழுக் கனத்தோடு வைத்தேன். ஓரத்தைத் தொடவில்லை. அதற்குப் பதில் உள்பக்கத்தில் எலும்புக்கு நேரே துணிக்கு அடியில் பஞ்சைக் குழிவாக வெட்டி வைத்தேன், எலும்பு அதற்குள் உட்காரும்படி. ரிவெட் அடித்தேன். ஒரு மணி நேர வேலை. முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார். மத்தியாஸ் கேரட் தின்னவில்லை.

பிறகு கழற்றின பழைய தகட்டை, பூட்சில் இருந்த புதுத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சீவின ஓரத்தை விரலால் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டேன். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதலாளியம்மா கேட்டார். சாந்தினி அக்கா இரண்டு பக்கமும் சொன்னார்.

"ஆர் சீவச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பிறகேன்?"

"போட்டு நடந்தா கடிச்சுது."

"ஏன் நடந்தனீங்கள்?"

இருபத்தாறு வருடத்தில் ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஷூவைப் போட்டு ஏன் நடந்தாய்.

மத்தியாஸ் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். டிசைன் புத்தகம். முப்பத்தியோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதாம். இந்த பூட்ஸ் நடப்பதற்கு அல்ல.

"அந்தப் பக்கம் எங்க லைனுக்கு வரல" என்றேன். வந்திருந்தாலும் அச்சுப் பிழை என்று நினைத்திருப்போம். அதையும் சொன்னேன்.

பிறகு ஒன்று சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார் முதலாளியம்மா.

"நடக்கிறதுக்கு இல்லன்னு எழுதியிருக்காரு. நேத்து அவரே நடந்தாரு. சூப்பு வாங்க. விழுந்தாரு. எல்லாரும்தான் நடக்கிறாங்க. யாரும் முப்பத்தியோராம் பக்கம் படிக்கல."

சாந்தினி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை வடிவா மொழிபெயர்க்கிறன் அண்ணை" என்றார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விழுந்த இடத்தில் கையை விரித்தும் காட்டினார். நான் அவ்வளவு சொல்லவில்லை.

மத்தியாசின் முழங்கையில் பிளாஸ்திரி இருந்தது. முதலாளியம்மா அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், அதே கார் நிறுத்துமிடத்தில், அதே சூப்புக்குப் போகும்போது உடைத்துக்கொண்டாராம். வெளியே சொல்லவில்லையாம். சொந்தக் கம்பெனி பூட்ஸ்.

மெஷினில் மாட்டினார்கள். நின்றது. நான்கு தடவை. மத்தியானம் முதலாளியம்மாவே அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு பனிப் பட்டையில் இறங்கினார். எழுபது வயசு. தண்ணீருக்கு மேல் பறக்கிற மடையான் கொக்கு மாதிரி போனார். சாந்தினி அக்கா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மா முதல் வளைவில் சாய்ந்தபோது அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேதான் அக்கா அன்று கால் மடங்கி விழுந்தது. பூட்ஸ் நின்றது. கையை விட்டார்.

"பலகையை இனி விக்கேல்லை" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

சாயங்காலம் காகிதம் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கம். சாந்தினி அக்கா வரிவரியாகப் படித்தார். மூன்றாவது லாட் ஏற்கப்படும். தகட்டை யாரும் தொடக் கூடாது. எந்த மாற்றம் ஆனாலும் எழுதிக் கேட்க வேண்டும். சோதனை மெஷின் ஒன்று ஆம்பூருக்கு அனுப்பப்படும். ஏழாவது வரி, தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் இந்த பூட்சை அணிந்து யாரும் நடக்கக் கூடாது. எட்டாவது வரி, அணிந்து நடக்கும்போது வழுக்காமலிருக்க முன்னும் குதிகாலிலும் ரப்பர் ஒட்டப்பட வேண்டும்.

சாந்தினி அக்கா ஏழையும் எட்டையும் இரண்டு தடவை படித்தார். மத்தியாசைக் கேட்டார். சரிதான் என்றாராம். ஏழு உங்களுக்கு, எட்டு வாங்குகிறவர்களுக்கு.

கையெழுத்துப் போட்டேன்.

அஸ்லம் பாய்க்கு போன் போட்டேன். ஆர்டர் நிற்கிறது என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். சொல்யூஷன்னு சொன்னியா?"

"சொன்னேன் பாய். டெஸ்ட் பண்ணாங்க. ரொம்ப நல்ல சொல்யூஷனாம்."

"அப்புறம் இன்னாதான் காரணம்?"

சொன்னேன்.

"நீ ஊருக்கு வா" என்றார். அவர் எப்படிச் சொன்னார் என்று எழுத வராது.

பிறகு ரெஜினாவைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம். ஓவர்டைமில் இருந்தார்கள், வேறு லைனுக்கு உதவியாக.

"மாஸ்டர், லைன் இருக்குதா?"

"இருக்கு."

அவள் அந்தப் பக்கம் திரும்பி, "இருக்குதாம்!" என்று கத்தினாள். யார் யாரோ பேசினார்கள். ஒருத்தி அழுவது மாதிரி இருந்தது, சிரித்தும் இருக்கலாம்.

ஏழாவது வரியைச் சொன்னேன்.

"நடக்கக் கூடாதா? நடக்காம எப்பிடி மாஸ்டர் பாஸ் பண்றது?"

"மெஷின் வருது."

"மெஷின் இன்னா பண்ணும்?"

"பக்கத்துல சாச்சுப் பாக்கும்."

"கேட்டு வரைக்கும் போவாதா?"

"போவாது."

"கடிச்சா அது சொல்லுமா?"

"சொல்லாது" என்றேன்.